கிரப் ரெஸ்க்யூ என்று திரை நின்றுவிட்டதா? பழைய லேப்டாப்பில் பூட் லோடரைச் சரிசெய்யும் வழி

பல்லடம் பக்கத்தில் எங்கள் தறிக்குடோன் கணக்கு முழுவதும் ஒரு பழைய லேப்டாப்பில்தான் ஓடுகிறது. தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் அது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பலவற்றைப் போல அதிலும் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) இரண்டும் இருந்தன. பிறகு நான் லினக்ஸ் மின்ட்டையும் சேர்த்தேன். கூலிக் கணக்குக்கும் பழைய பிரிண்டருக்கும் விண்டோஸ், மற்ற வேலைக்கெல்லாம் மின்ட். பாஸை யாரும் திறப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, இடம் பத்தவில்லை என்று பாஸ் இருந்த பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை, விண்டோஸுக்குள்ளிருந்தே அழித்தேன். சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரை. "எரர்: நோ சச் பார்ட்டிஷன்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "கிரப் ரெஸ்க்யூ>". அவ்வளவுதான். லேப்டாப்பைத் திறந்ததும் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிவிடும் சின்ன நிரல்தான் பூட் லோடர்; லினக்ஸோடு வருவதற்குப் பெயர் கிரப். மத்தியானம் பதினோரு பேருக்கு வாரக் கூலி போட வேண்டும்.

ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபார்மேட் பண்ணித்தானுங்க ஆகோணும். எழுநூறு ஆகும். உள்ள இருக்கறதெல்லாம் போயிருமுங்க" என்றார்கள். இன்னொரு கடையில் "ஹார்ட் டிஸ்க்கே போயிருச்சுங்கண்ணா, புதுசு மாத்தோணும்" என்றார்கள். இரண்டும் தவறு. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கணக்கு ஃபைல் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு வரி தட்டியதும் லேப்டாப் எழுந்துவிட்டது. அந்த நாலு வரி சனிக்கிழமை காலையில் தெரிந்திருந்தால், நோட்டில் எழுதிவைத்த அரைகுறைக் குறிப்பைப் பார்த்துத் தோராயமாகக் கூலி போட்டிருக்க வேண்டாம். இனி யாரும் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். இடைவெளி, கோடு, காற்புள்ளி எல்லாம் இங்கே இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும்.

1. எதையும் தொடுவதற்கு முன் திரையைப் படம் எடுங்கள்

போனில் தெளிவாக ஒரு படம். அந்த ஒரு வரியை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

"கிரப் ரெஸ்க்யூ>" என்று வந்தால், பூட் லோடரின் முதல் பகுதி உயிரோடு இருக்கிறது, தன்னுடைய மீதிப் பகுதி எங்கே என்று தெரியாமல் நிற்கிறது. பார்ட்டிஷனை அழித்த பிறகும், அளவு மாற்றிய பிறகும் வருவது இதுதான். வெறுமனே "கிரப்>" என்று மட்டும் வந்தால் அது இன்னும் லேசான பிரச்சினை. எல்லாப் பகுதியும் கிடைத்துவிட்டது, மெனு ஃபைல் மட்டும் இல்லை என்று பொருள்.

"பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்பது விண்டோஸ் பக்கத்துக் கோளாறு. கிரப்பை மீண்டும் போட்டாலும் அது தீராது, விண்டோஸ் இன்ஸ்டால் டிவிடியை வைத்து ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓட்ட வேண்டும். "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றால் மட்டும் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம். அப்போதும் முதலில் பயாஸுக்குள் (லேப்டாப்பைத் திறந்ததும் முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், டிஸ்க் செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் உடனே நம்ப வேண்டாம்.

மெனு வருகிறது, லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் திரை கறுப்பாகிறது என்றால் பூட் லோடர் தன் வேலையை முடித்துவிட்டது. அது பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர் தகராறு. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

2. பழைய பயாஸா, யூஇஎஃப்ஐயா என்று கண்டுபிடியுங்கள்

நிறையப் பேர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான். பயாஸுக்குப் பதிலாகப் பின்னால் வந்த புது முறைதான் யூஇஎஃப்ஐ. இரண்டுக்கும் மருந்து வேறு.

விண்டோஸ் 7 காலத்து லேப்டாப் என்றால் பெரும்பாலும் பழைய பயாஸ். கம்பெனியிலிருந்தே விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது போட்டு வந்திருந்தால் யூஇஎஃப்ஐ. கிரப் ரெஸ்க்யூ திரையிலேயே ஒரு தடயம் கிடைக்கும். எல், எஸ் என்ற இரண்டு எழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். பார்ட்டிஷன் பெயர்களில் "எம்எஸ்டாஸ்" என்று இருந்தால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது, ஏறக்குறைய நிச்சயமாகப் பயாஸ்தான். "ஜிபிடி" என்று இருந்தால் யூஇஎஃப்ஐ ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு. இவ்வளவு சின்ன இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது. அதனால் முதல் துண்டு இங்கேயும், இன்னொரு துண்டு அதை அடுத்த காலி இடத்திலும், மீதியெல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் "பூட்" ஃபோல்டரிலும் இருக்கின்றன. முன்னால் இருக்கிற துண்டு "ஆறாவது பார்ட்டிஷனில் போய்ப் பார்" என்று எண்ணை மனப்பாடம் செய்து வைத்திருக்கும்.

எங்கள் லேப்டாப்பில் நடந்தது இதுதான். பாஸ் 5-ஆம் எண், மின்ட் 6-ஆம் எண். இந்த முறையில் 5-லிருந்து தொடங்குபவை லாஜிக்கல் பார்ட்டிஷன்கள், அதாவது ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள் பிரித்தவை. அவற்றில் ஒன்றை அழித்தால் அடுத்தது முன்னால் நகர்ந்து அந்த எண்ணை எடுத்துக்கொள்ளும். மின்ட் 5 ஆகிவிட்டது. கிரப் 6-ஐத் தேடிப் போய், ஆள் இல்லாமல் நின்றுவிட்டது. கதவிலக்கம் மாறியதே தவிர, வீடும் சாமானும் அப்படியே இருந்தன.

3. கிரப் ரெஸ்க்யூவிலேயே நாலு வரி முயன்று பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே தட்டுகிற எதுவும் டிஸ்க்கில் எழுதப்படாது. தப்பாகத் தட்டினாலும் பவரை அணைத்துப் போட்டால் பழையபடி ஆகிவிடும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை, நேரம் பத்து நிமிஷம்.

எல்எஸ் என்று தட்டினால் இப்படி ஒரு வரி வரும்:

(எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்2) (எச்டி0,எம்எஸ்டாஸ்1)

டிஸ்க்கை 0-லிருந்தும் பார்ட்டிஷனை 1-லிருந்தும் எண்ணுகிறது. இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்:

எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)/

கடைசியில் இருக்கிற சாய்கோட்டை விடாதீர்கள். அது இல்லையென்றால் உள்ளே இருப்பதைக் காட்டாது. "பூட்", "ஹோம்", "யூஎஸ்ஆர்" போன்ற ஃபோல்டர் பெயர்கள் வந்தால் லினக்ஸ் அங்கேதான் இருக்கிறது. சிலவற்றுக்கு "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்று வரும். நான் முதலில் இதைப் பார்த்துத்தான் விண்டோஸ் பார்ட்டிஷன் அழிந்துவிட்டது என்று கலங்கிப்போனேன். அப்படியில்லை. இந்த நிலையில் கிரப்புக்கு லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும்தான் படிக்கத் தெரியும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் முறையைப் படிக்கத் தெரியாது. அதனால் அப்படிச் சொல்கிறது.

லினக்ஸ் எது என்று தெரிந்ததும் நாலு வரி:

செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமன் குறிக்கு இரு பக்கமும் இடைவெளி வரக் கூடாது. உங்களுடைய எண் 5 இல்லையென்றால் இரண்டு வரியிலும் மாற்றிக்கொள்ளுங்கள். "பூட்" தனிப் பார்ட்டிஷனாக இருந்தால் முதல் வரியின் கடைசியில் "/கிரப்" மட்டும் போதும்.

நாலாவது வரிக்கு என்டர் தட்டியதும் பழைய மெனு அப்படியே வரும். எனக்கு வந்தபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கணக்கு இருக்குதா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டார். இருந்தது.

மூன்றாவது வரியில் "சிம்பல் ... நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், முன்னால் இருக்கிற துண்டும் உள்ளே இருக்கிற துண்டும் வேறு வேறு பதிப்பு. ஒரே லேப்டாப்பில் இரண்டு லினக்ஸ் இருக்கும்போது, ஒன்றின் கிரப் இன்னொன்றின் ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தால் இப்படி ஆகும். வேறு லினக்ஸ் பார்ட்டிஷன் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் முடியாவிட்டால் 4-ஆம் படிக்குப் போங்கள்.

மெனு வந்துவிட்டதே என்று இதோடு விட்டுவிடாதீர்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும். அடுத்த தடவை திறந்தால் மறுபடி அதே கறுப்புத் திரைதான். மெனுவிலிருந்து லினக்ஸுக்குள் போய், முதலில் முக்கியமான ஃபைல்களைப் பென்டிரைவில் காப்பி எடுத்துவிட்டு, நேராக 7-ஆம் படிக்கு வாருங்கள்.

4. கையில் சேர்க்க வேண்டியவை, ஆகும் செலவு

முதலில் ஒரு பென்டிரைவ், 8 ஜிபி போதும். நான் 16 ஜிபி ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்பதால் கல்யாண போட்டோ இருக்கிற பென்டிரைவை எடுக்காதீர்கள். அடுத்து, காப்பி எடுக்க ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். இது சொந்தமாக வேண்டும் என்றில்லை, மாமா வீட்டில் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கினேன்.

காகிதம் பற்றி யாரும் சொல்வதில்லை. விண்டோஸ் 7 லேப்டாப் என்றால் அடிப்பக்கத்தில் 25 எழுத்து கொண்ட கீ ஒட்டியிருக்கும். பத்து வருஷம் மடியில் தேய்ந்து பாதி அழிந்திருக்கும். இன்றே வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவையுங்கள். விண்டோஸ் 8 முதல் கம்பெனி லேப்டாப்புகளில் கீ பயாஸ் சிப்புக்குள்ளேயே இருப்பதால் ஒட்டிய காகிதம் தேவையில்லை. ஆனால் அவற்றில் வேறொரு கவலை உண்டு. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், பயாஸில் எதையாவது மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளாமல் பயாஸைத் தொடாதீர்கள். பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதுவும் கையில் வேண்டும்.

நேரக் கணக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். பழைய யூஎஸ்பி 2.0 துளையில் நொடிக்கு 30 எம்பி போனாலே அதிகம். 200 ஜிபி காப்பி எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். நம் பக்கம் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்துவார்கள். பழைய லேப்டாப்பில் பேட்டரி பத்து நிமிஷம்கூட நிற்காது. அந்த நாள் எது என்று பார்த்துக்கொண்டு வேறொரு நாளில் உட்காருங்கள். இன்வெர்ட்டர் லைனில் சார்ஜரைச் செருகினால் நிம்மதி.

5. லைவ் பென்டிரைவ் செய்து அதிலிருந்து திறப்பது

டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டுவதைத்தான் லைவ் என்கிறோம். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். போனில் தினமும் 1.5 ஜிபி, 2 ஜிபி கிடைக்கும் பேக் வைத்திருந்தால் ஒரே நாளில் முடியாது, பாதியில் நின்றால் ஃபைல் பழுதாகிவிடும். பிராட்பேண்ட் இருக்கிற வீட்டில் இறக்குவது நல்லது. உங்கள் லேப்டாப் 64-பிட்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இன்றைய மின்ட் 64-பிட்டில் மட்டும்தான் ஓடும்.

விண்டோஸில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுதலாம். பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் பழைய லேப்டாப்புக்கு எம்பிஆர் என்று வையுங்கள். ஐஎஸ்ஓவை வெறுமனே பென்டிரைவில் காப்பி செய்தால் வேலை செய்யாது.

பிறகு லேப்டாப்பைத் திறக்கும்போதே பூட் மெனு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவாவின் திங்க்பேட், தோஷிபாவுக்கு எஃப்12. எச்பிக்கு எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசுஸுக்கு எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பலவற்றில் அது அணைத்தே வந்திருக்கும். எஃப்2 தட்டிப் பயாஸுக்குள் போய் "எஃப்12 பூட் மெனு" என்பதை எனேபிள் செய்ய வேண்டும்.

மெனுவில் உங்கள் பென்டிரைவ் பெயர் இரண்டு தடவை வரலாம். ஒன்று முன்னால் "யூஇஎஃப்ஐ" என்று, இன்னொன்று வெறும் பெயராக. 2-ஆம் படியில் கண்டுபிடித்தது இப்போது உதவும். பயாஸ் முறையில் போட்ட லினக்ஸைச் சரிசெய்ய வெறும் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் எல்லாக் கட்டளையும் ஓடுகிற மாதிரியே இருக்கும், கடைசியில் ஒன்றும் மாறியிருக்காது. சந்தேகம் இருந்தால் லைவ் திரையில் டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்து "எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ" என்று தட்டுங்கள். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை என்று வந்தால் நீங்கள் பயாஸ் முறையில் நுழைந்திருக்கிறீர்கள்.

6. காப்பி எடுங்கள், டிஸ்க்கின் நலம் பாருங்கள்

லைவ் மின்ட் திறந்ததும் டெஸ்க்டாப்பில் "இன்ஸ்டால்" ஐகான் ஒன்று இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். ஃபைல் மேனேஜரைத் திறந்து விண்டோஸ் பார்ட்டிஷனைக் கிளிக் செய்து, கணக்கு, போட்டோ எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். விண்டோஸ் 8-க்குப் பிந்தையது என்றால் "ரீட் ஒன்லி" என்று தகராறு செய்யலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி விண்டோஸை முழுமையாக அணைக்காமல் தூங்க வைப்பதால் வருவது அது. படித்துக் காப்பி எடுக்க அது தடையில்லை.

அப்புறம் மெனுவில் "டிஸ்க்ஸ்" என்ற செயலியைத் திறந்து, உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் அறிக்கையை, பாருங்கள். "ரீஅலொகேட்டட் செக்டர்", "பென்டிங் செக்டர்" இரண்டும் பூஜ்ஜியம் என்றால் நல்லது. நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ பூட் லோடரை மறந்துவிடுங்கள். காப்பியை முடித்துவிட்டு டிஸ்க்கை மாற்றுவதுதான் வழி.

7. நிரந்தரமாக எழுதுவது: பயாஸ் லேப்டாப்புக்கு

3-ஆம் படி வழியாக உங்கள் லினக்ஸுக்குள்ளேயே போய்விட்டீர்கள் என்றால், டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலைத் திறந்து இரண்டே வரி:

சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ
சூடோ அப்டேட்-கிரப்

முதல் வரி முடிவில் "நோ எரர் ரிப்போர்ட்டட்" என்று வர வேண்டும். இரண்டாவது வரி, இருக்கிற சிஸ்டங்களைத் தேடி மெனு எழுதும். பட்டியலில் விண்டோஸ் பெயர் வருகிறதா என்று அப்போதே பாருங்கள்.

லைவ் பென்டிரைவிலிருந்து செய்வதானால் ஒரு வேலை கூடுதல். டெர்மினலில் "எல்எஸ்பிஎல்கே" என்று தட்டி, அளவைப் பார்த்து உங்கள் டிஸ்க் எது, பென்டிரைவ் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி என்று காட்டுவது பென்டிரைவ், 320 ஜிபி என்று காட்டுவது லேப்டாப் டிஸ்க். பெயர் எப்போதும் எஸ்டிஏ என்று இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பிறகு லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டர் வழியாகத் திறந்துவைத்து, எழுத வேண்டும்:

சூடோ மவுன்ட் /டெவ்/எஸ்டிஏ5 /எம்என்டி
சூடோ கிரப்-இன்ஸ்டால் --பூட்-டைரக்டரி=/எம்என்டி/பூட் /டெவ்/எஸ்டிஏ

"பூட்" தனிப் பார்ட்டிஷன் என்றால் அதையும் /எம்என்டி/பூட் மேல் மவுன்ட் செய்த பிறகே இரண்டாவது வரி. ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்குள் போன பிறகு மேலே சொன்ன இரண்டு வரியையும் அங்கிருந்து இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள். அப்போதுதான் பதிப்பு ஒன்றுக்கொன்று பொருந்தும்.

மவுன்ட் வரியில் எஸ்டிஏ5, எழுதுகிற வரியில் வெறும் எஸ்டிஏ. இந்த வித்தியாசம் உயிர். எண்ணோடு எழுதினால் கிரப் பார்ட்டிஷனுக்குள் போய் உட்காரப் பார்க்கும், "பிளாக்லிஸ்ட்" என்று எச்சரிக்கும். அப்போது கட்டாயப்படுத்தும் சொற்களைச் சேர்த்துத் தள்ளாதீர்கள். எண்ணை எடுத்துவிட்டு மறுபடி தட்டுங்கள்.

டெர்மினல் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு, மின்ட் லைவ் மெனுவிலேயே "பூட் ரிப்பேர்" என்ற செயலி இருக்கிறது. ஒரே டிஸ்க், ஒரே லினக்ஸ் என்றால் அதன் "ரெக்கமண்டட் ரிப்பேர்" பெரும்பாலும் போதும். இரண்டு மூன்று லினக்ஸ் இருக்கிற லேப்டாப்பில் நான் அதைப் பயன்படுத்த மாட்டேன். எந்த லினக்ஸின் கிரப்பை எழுதப்போகிறது என்பது கையில் இருக்க வேண்டும்.

8. யூஇஎஃப்ஐ லேப்டாப்பாக இருந்தால்

இதில் பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது, வரிசைதான் மாறியிருக்கும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மெனுவே வராமல் நேராக விண்டோஸ் திறந்தால் இதுவாக இருக்கும். பயாஸ் அமைப்புக்குள் போய் பூட் ஆர்டரில் உபுண்டு என்பதை மேலே தூக்குங்கள். மின்ட் போட்டிருந்தாலும் அங்கே உபுண்டு என்றே பெயர் காட்டலாம். ஐந்து நிமிஷ வேலை. உள்ளேயிருந்து செய்வதானால் "சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்" வரிசையைக் காட்டும்.

"எஸ்பேட் செல்ஃப்-செக் ஃபெயில்ட்" என்று வந்து அணைந்துபோனால், அது 2024 ஆகஸ்ட் விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து பலருக்கு வந்தது. பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் லோடரை மட்டும் ஓடவிடும் காவல்) தற்காலிகமாக அணைத்து, லினக்ஸை முழுவதும் அப்டேட் செய்துவிட்டு மறுபடி போடலாம்.

சின்னதாக ஒரு எஃப்ஏடி32 பார்ட்டிஷன், 100 எம்பியோ 500 எம்பியோ இருக்கும். பூட் லோடர்கள் இருப்பது அதில்தான். இடம் கிடைக்கும் என்று அதை அழித்தால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் திறக்காது.

9. மெனு வந்த பிறகு வரும் சில்லறைத் தொல்லைகள்

விண்டோஸ் மெனுவில் காணோம் என்பது முதல் தொல்லை. 2021-ல் வந்த கிரப் 2.06-லிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் என்ற ஃபைலைத் திறந்து, "கிரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ்" என்ற வரியைச் சேருங்கள். சமன் குறிக்கு முந்தைய பகுதி முழுவதும் பெரிய எழுத்தில், அதற்குப் பிந்தையது சின்ன எழுத்தில். பிறகு மறுபடி அப்டேட்-கிரப். நேரே பூட் ஃபோல்டரில் இருக்கிற மெனு ஃபைலைத் திருத்துகிறவர்கள் உண்டு. அடுத்த அப்டேட்டில் அது மேலெழுதப்பட்டுவிடும்.

விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுவது இரண்டாவது. லேப்டாப் கடிகாரத்தை லினக்ஸ் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்ற வரியை ஓட்டினால் இரண்டும் ஒத்துப்போகும். எங்களுக்கு இது முக்கியமாக இருந்தது. ராத்திரி ஷிப்ட் பதிவெல்லாம் தேதி தவறி ஏறிக்கொண்டிருந்தது.

10. தேதி 2010-க்குப் போகிறதா? சின்னப் பேட்டரியைப் பாருங்கள்

பழைய லேப்டாப்புக்கே உரிய நோய் இது. பூட் லோடரைச் சரிசெய்து ஒரு வாரம் கழித்து மறுபடி திறக்கவில்லை, தேதியும் ஏதோ பழைய வருஷத்தைக் காட்டுகிறது என்றால் பூட் லோடர் மேல் பழி போடாதீர்கள். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணயப் பேட்டரி தீர்ந்திருக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை பவர் போகும்போதும் பயாஸ் அமைப்பு ஆதி நிலைக்குத் திரும்பும். பூட் வரிசை மாறும். டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்று மாறினால் விண்டோஸ் 7 நீலத்திரை காட்டும். தேதி தவறினால் பிரவுசரில் பாதி வெப்சைட் திறக்காது.

எனக்கு நாணயப் பேட்டரி 40 ரூபாய் ஆனது. சில லேப்டாப்பில் அது கம்பி, பிளக்கோடு சேர்ந்து வரும், அதற்குக் கொஞ்சம் கூட ஆகும். அடிமூடியைத் திறக்கும்போது ஃபேனையும் பாருங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்குடோனுக்குள் இருக்கிற லேப்டாப் என்றால் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருக்கும். எங்களுடையதில் இரண்டு விரல் கனத்துக்கு எடுத்தேன். எடுத்த பிறகு திடீரென்று அணைந்துபோகிற தொல்லையும் நின்றது.

11. கடைக்குத்தான் கொடுப்பேன் என்றால்

தப்பில்லை. எல்லோருக்கும் இதற்கு நேரம் இருக்காது. ஆனால் முதல் படியில் எடுத்த படத்தைக் காட்டி, "கிரப் மட்டும் ரீஇன்ஸ்டால் பண்ணுங்க, பார்ட்டிஷனைத் தொடாதீங்க" என்று கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காமல் ஃபார்மேட் என்றே பேசுகிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னால் ஸ்மார்ட் அறிக்கையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை அது. டிஸ்க்கை மாற்றினாலும் பழைய டிஸ்க்கைக் கையோடு வாங்கி வர வேண்டும், உங்கள் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. லேப்டாப்பை ஒப்படைக்கும்போது ரசீதில் மாடல், சீரியல் எண், டிஸ்க்கின் அளவு மூன்றையும் எழுதச் சொல்லி, அதற்குக் கீழே "டேட்டா அழிக்கக் கூடாது" என்று ஒரு வரியும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.